மழை விடுமுறைக் கணக்கில் வராத நாட்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பதும், பின்னர் சனிக்கிழமைகளில் பள்ளி நடத்தி அதை ஈடுசெய்வதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டன. மூன்று நாள் விடுமுறைக்கு மூன்று சனிக்கிழமை என்பது பார்வைக்கு நேர்மையான கணக்குதான். ஆனால், மாவட்டத்தின் எல்லாக் குழந்தைகளும் அதே மூன்று நாட்களைத்தான் இழந்தார்கள் என்ற அனுமானத்தின் மீது அது நிற்கிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சரியான முடிவு. எனினும், நாட்களை யாருக்காக, எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

ஊரும் சேரியும் ஒரே உயரத்தில் இல்லை. ஏரியின் உள்வாயிலும் வாய்க்கால் கரையிலும் தாழ்நிலத்திலும் தலித் குடியிருப்புகள் அமைந்திருப்பது இயற்கையின் ஏற்பாடன்று. நிலம் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதன் வரலாறு. ஊர்த்தெரு காய்ந்த பிறகும் அங்கே தண்ணீர் நிற்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், பாடநூல்கள் கூழாகிப்போன ஒரு மாணவி வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருப்பாள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வாள். கூலி வேலை நின்றுபோன வீட்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் கிடைத்த வேலைக்குப் போவான். நேற்றுவரை 'பேரிடர்' என்று அழைக்கப்பட்டது, இன்று வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று ஆகிவிடுகிறது. அரசின் பொறுப்பு ஒரே இரவில் குழந்தையின் குறையாக மாறும் இடம் இது.

கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்க வகுப்புகளுக்கு 200 வேலைநாட்கள், 800 கற்பித்தல் மணிநேரம் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 220 நாட்கள், 1,000 மணிநேரம் என்றும் வரையறுக்கிறது. இவை பள்ளி இயங்கவேண்டிய நாட்கள். சனிக்கிழமை பள்ளியைத் திறந்தால் பள்ளியின் கணக்கு நேராகிவிடும். தண்ணீருக்குள் இருந்த குழந்தையின் கணக்கு நேராவதில்லை. வசதியுள்ள வீடுகள் அந்த இடைவெளியைத் தனிப்பயிற்சியால் நிரப்பிக்கொள்கின்றன. முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையைத் தவிர வேறு வழியில்லை.

உணவும் இதில் அடங்கும். காலை உணவுத் திட்டத்தையும் மதிய உணவையும் நம்பியிருக்கும் குழந்தைக்கு, விடுமுறை நாள் என்பது இரண்டு வேளை உணவு இல்லாத நாள். மதிய உணவு விதிகள், 2015, பள்ளி நாளில் உணவு வழங்கப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி தரவேண்டும் என்கின்றன. ஆனால், விடுமுறையாக அறிவிக்கப்பட்ட நாள் 'பள்ளி நாள்' அல்ல. பசி மிகுந்திருக்கும் வாரத்திலேயே அந்த உரிமை செயலிழக்கிறது.

சனிக்கிழமை வகுப்புகள் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஆசிரியர்களின் பணிச்சுமை குறித்த முறையீடும் நியாயமானதே. ஆனால், ஈடுசெய்யும் அளவை மாவட்ட வாரியாக அல்லாமல், குடியிருப்பு வாரியாகவும் பள்ளி வாரியாகவும் கணக்கிட வேண்டும். வெள்ளநீர் வடியும்வரை வராத நாட்களைப் பேரிடர் விடுப்பாகப் பதிவு செய்யவேண்டும். நிவாரண முகாமாக மாற்றப்பட்ட பள்ளிகளின் நாட்கள் தனியே எண்ணப்படவேண்டும். மாற்றுப் பாடநூல்களும் சாதிச் சான்றிதழ் நகல்களும் விண்ணப்பமின்றி வந்துசேர வேண்டும். மழை விடுமுறை நாட்களுக்கு உலர் உணவுப்பொருள் அல்லது படி வழங்க அரசாணை வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன், ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்ற இயலும். அக்குழுக்களில் பெற்றோருக்கே பெரும்பான்மை.