களத்துக்குக் கம்பியா, வலையா?

திராட்சைப் பந்தலைத் தாங்குவது எது? கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பீர்கள். கல்தூண் என்பார் ஒருவர். கம்பி என்பார் மற்றொருவர். இரண்டுமே சரி. ஊன்றிய கல்தூண் மேலிருந்து அமுக்கும் பாரத்தைச் சுமக்கிறது. தூணுக்குத் தூண் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிகள் விறைப்பாக இழுபட்டு நின்று கொடியையும் குலையையும் ஏந்துகின்றன. வேலையை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? கம்பியை ஊன்றினால் பாரம் தாங்காமல் வளைந்துவிடும். மெல்லிய கற்பலகையைப் பாலம்போல் கிடத்தி அதன் நடுவில் ஏறி நின்றால் படக்கென்று முறியும். முறிவு அடிப்பக்கத்தில்தான் தொடங்கும். வளையும்போது மேற்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லுக்கு இழுப்பு ஆகாது.

கான்கிரீட்டும் நாம் வார்த்தெடுக்கும் ஒரு கல்தான். அமுக்கினால் எவ்வளவு தாங்குமோ, இழுத்தால் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். நம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை எண்ணிப் பாருங்கள். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அந்த அணையைப் பென்னிகுயிக் கல்லாலும் சுண்ணாம்பாலும் சுர்க்கி என்னும் செங்கல் தூளாலும் கட்டினார். அது தன் எடையை நம்பி நிற்கும் அணை. இழுப்புக்கே இடம் கொடுக்காதபடி அவ்வளவு கனமாகக் கட்டிவிட்டார்கள். 1979-க்குப் பிறகு அதைப் பலப்படுத்தியபோது உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, எஃகு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பந்தல் கம்பியின் வேலையைத்தான் அங்கே அந்த வடங்கள் செய்கின்றன.

வீட்டுக் கூரையை அணைபோல் கனமாகக் கட்ட முடியாது. ஆகவே கான்கிரீட்டுக்குள் எஃகைப் புதைக்கிறோம். 1867-இல் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் மோனியே சிமெண்டுத் தொட்டிகளுக்குள் இரும்புக் கம்பிவலையை வைத்துக் காப்புரிமை பெற்றார். ஆக, வலை ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. வெயிலில் எஃகும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. இல்லாவிட்டால் இந்தக் கூட்டணி முதல் கோடையிலேயே பிரிந்திருக்கும்.

இன்று கடையில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, முறுக்குக் கம்பி. (இப்போது விற்பது முறுக்கிய கம்பி அல்ல. செக்கச் செவேலென்று வெளிவரும் கம்பியின் மேல் நீரைப் பாய்ச்சி, தோல் கடினமாகவும் உள் மென்மையாகவும் இருக்கும்படி செய்கிறார்கள். பெயர் மட்டும் பழைய நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது.) மற்றொன்று, மெல்லிய கம்பிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, சந்திக்கும் இடமெல்லாம் மின்சாரத்தால் பற்றவைத்த கம்பிவலை. கடைக்காரர் அதை 'வெல்டு மெஷ்' என்பார்.

'தடித்த கம்பியைப் போடு, அப்போதுதான் கெட்டி' என்பது நம் ஊர்களில் வேதவாக்கு. கூரைக்கு அது சரியாக இருக்கலாம். நெல் காயவைக்கும் களத்துக்கும், வீட்டு வாசலுக்கும், மாட்டுத்தொழுவத் தரைக்கும் சரியல்ல என்பது என் கருத்து. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் உண்டு. அத்தனை ஊர்களிலும் சிமெண்டுக் களங்களைப் பார்க்கிறோம். அவற்றில் ஓடும் வெடிப்புகளையும் பார்க்கிறோம். காசு போதாமல் வந்த வெடிப்பு அல்ல அது. பல இடங்களில் எஃகுக்குச் செலவழித்த காசே வீண்.

களத்துக்கு அடியில் மண் தாங்குகிறது. நெல்மூட்டை அதை வளைத்து முறித்துவிடாது. அதன் எதிரி வேறு. கான்கிரீட் உலரும்போது சுருங்கும். 10 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ. சுருங்கும் என்று பொறியாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். மண்ணோ அதை நகரவிடாமல் உராய்ந்து பிடிக்கிறது. சுருங்க முடியாத கான்கிரீட் இழுபடுகிறது, வெடிக்கிறது. எந்த எஃகும் இந்த வெடிப்பைத் தடுக்காது. 3 மி.மீ. அகலமுள்ள ஒரே வெடிப்பா, கண்ணுக்குத் தெரியாத முப்பது மயிரிழை வெடிப்புகளா என்பதை மட்டுமே எஃகு தீர்மானிக்கும். ஒரே வெடிப்பானால் நெல் உள்ளே போகும், தண்ணீர் போகும், அடிமண் அரிக்கும். மயிரிழைகளால் யாருக்கும் நட்டமில்லை.

இப்போது பென்சிலை எடுங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கான்கிரீட் பலகைகளுக்குக் குறைந்தபட்ச எஃகு எவ்வளவு என்று சொல்கிறது. முறுக்குக் கம்பியோ பற்றவைத்த வலையோ போட்டால், வெட்டுப்பரப்பில் 0.12 விழுக்காடு. களத்துக்கும் அதையே வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. கனமுள்ள தளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 120 ச.மி.மீ. எஃகு வேண்டும். 8 மி.மீ. கம்பியின் பரப்பு 50 ச.மி.மீ. ஆகவே 42 செ.மீ.க்கு ஒரு கம்பி போதும். 5 மி.மீ. கம்பியின் பரப்பு 20-க்குச் சற்றுக் குறைவு. அதை 15 செ.மீ. கட்டமாகப் பின்னிய வலையில் மீட்டருக்கு 131 ச.மி.மீ. கிடைக்கிறது. எஃகு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 42 செ.மீ. இடைவெளியில் வெடிப்புக்கு நல்ல சுதந்திரம். 15 செ.மீ.க்கு ஒரு காவலாளி நின்றால் அது அகலத் துணியாது.

'அப்படியானால் 8 மி.மீ. கம்பியையே அரையடிக்கு ஒன்றாகக் கட்டிவிடுவோம்' என்பார் கொத்தனார். கட்டலாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தில் அதன் எடை 526 கிலோ. வலையின் எடை 206 கிலோ. கிலோ விலையை மட்டும் கேட்டு வலை அதிக விலை என்று திரும்பி வருபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. தவிர, கம்பிகள் சந்திக்கும் ஏறத்தாழ 4,500 இடங்களில் பாதியையாவது கட்டுக்கம்பியால் குனிந்து முடிச்சிட வேண்டும். வலையில் அந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் வலைக்கு ஒரு பெரிய பகை உண்டு: மிதியடி. மெல்லிய வலை, ஆள் நடந்தால் அமுங்கி மண்ணில் படுத்துவிடும். 'கலவை போடும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம்' என்று சொல்வார்கள். ஓரிடத்தில் தூக்குவார்கள், அடுத்த அடி வைக்கும்போது அது மீண்டும் இறங்கும். களத்தின் மேற்பரப்புதான் முதலில் உலர்ந்து வெடிக்கிறது. எனவே வலை மேல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்க வேண்டும். அடிமண்ணில் கிடக்கும் வலை ஒரு வேலையும் செய்யாது. சும்மா துருப்பிடிக்கும். துருவும் மெல்லிய கம்பியைத்தான் முதலில் தின்னும். சுற்றிலும் அரை மி.மீ. துரு ஏறினால் 16 மி.மீ. கம்பி தன் பரப்பில் 12 விழுக்காட்டை இழக்கும், 5 மி.மீ. கம்பி 36 விழுக்காட்டை இழக்கும். விட்டத்தை வர்க்கப்படுத்தி நீங்களே சரிபார்க்கலாம். கம்பியை வளைத்துச் செய்த முக்காலி போன்ற தாங்கிகளை ஓரிரு முழத்துக்கு ஒன்றாக வைத்து, வலையை அவற்றின் மேல் கிடத்தினால் தொல்லை தீரும். அந்தத் தாங்கிகளுக்கு ஆகும் செலவைத்தான் வழக்கமாக மிச்சம் பிடிக்கிறார்கள்!

தோட்ட வேலிக்கும் கோழிக்கூண்டுக்கும் விற்கும் சுருள் வலையும் 'வெல்டு மெஷ்' என்ற பெயரில்தான் வருகிறது. 2 மி.மீ. கம்பியின் பரப்பு 3 ச.மி.மீ.தான். கோழிக்கு அது போதும்.

கூரைக்கு வலை போடலாமா என்று கேட்பீர்கள். நம் ஊர் வீடுகளில் வேண்டாம் என்பேன். கூரையில் எங்கும் ஒரே அளவு எஃகு போதாது. நடுவில் அடிப்பக்கம் வேண்டும். சுவர்மேல் தாண்டும் இடத்தில் மேற்பக்கம் வேண்டும். குறுகிய பக்கவாட்டில் அதிகம் வேண்டும். இதற்கென்றே அளவெடுத்துப் பின்னிய வலைகளைப் பெரிய கட்டடங்களில் பயன்படுத்துகிறார்கள். நாலு அறை வீட்டுக்குக் கடையில் கிடைக்கும் சம கட்ட வலை பொருந்தாது. இன்னொன்றும் உண்டு. வலைக்கம்பியைக் குளிர்ந்த நிலையில் அச்சுத் துளை வழியே இழுத்து மெலிய வைக்கிறார்கள். பலம் ஏறுகிறது, நீளும் தன்மை குறைகிறது. தரநிலைப்படி அது அறுபடுமுன் 7.5 விழுக்காடாவது நீள வேண்டும், எஃப்.இ. 500 முறுக்குக் கம்பியோ 12 விழுக்காடாவது நீள வேண்டும். தலைக்கு மேலே இருப்பது, உடையுமுன் நன்றாகத் தொய்ந்து நமக்குச் செய்தி சொல்லட்டும்.

அங்கேயும் இடம்தான் முக்கியம். சன்ஷேடைப் பாருங்கள். சுவரிலிருந்து நீட்டி நிற்பதால் அதில் இழுபடுவது மேற்பக்கம். 75 மி.மீ. கனமுள்ள சன்ஷேடில் மேலே நிற்க வேண்டிய கம்பியைக் கலவை போடுபவர் மிதித்து 25 மி.மீ. இறக்கிவிட்டால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. பூச்சும் வெள்ளையும் அழகாகவே இருக்கும். மழைக்கு அதன் கீழே ஒதுங்குபவர் கம்பி எந்த நிறுவனத்தினுடையது என்றா பார்க்கப்போகிறார்?

தெருக்களில் போடும் சிமெண்டுச் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலும் எஃகே போடுவதில்லை. 3, 4 மீட்டருக்கு ஒரு கோடு வெட்டி, 'வெடிப்பதானால் இங்கே வெடி' என்று இடம் காட்டிவிடுகிறார்கள். நேரத்தில் வெட்டினால் இது நல்ல முறை. சிறிய வாசலுக்கு இதுவே போதும். வலையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் தெருவிலோ தோட்டத்திலோ தளம் போட வலை விரித்திருந்தால், பள்ளிக்கூட அளவுகோலுடன் போங்கள். மண்ணிலிருந்து வலை எத்தனை செ.மீ. உயரத்தில் நிற்கிறது என்று நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். 10 செ.மீ. தளத்தில் 6 முதல் 7 செ.மீ. உயரத்தில் நின்றால் சரி. அரை செ.மீ. என்றால் கொத்தனாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கலவை இயந்திரம் ஓடத் தொடங்குமுன் சொல்லுங்கள்.