பூங்காவுக்குள் ஒரு நீச்சல் குளம்!

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நீரில் மூழ்கி உயிரிழந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் அதிகம். சராசரியாக நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல். ஒரே ரயில் விபத்தில் நூறு பேர் மடிந்தால் நாடாளுமன்றம் அதிர்கிறது. அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோருகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் ஒவ்வொருவராக மடியும் நூறு பேருக்காகக் குரல் எழுவது அரிதாகவே இருக்கிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கான செயல்திட்ட வரைவை வெளியிட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத் தரப்பட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு நெடுநாளாக வலியுறுத்திவரும் பரிந்துரைகளில் ஒன்று. பரிந்துரை சரி, கற்றுக்கொள்ள இடம் எங்கே என்பதுதான் கேள்வி. கிராமத்துக் குழந்தைக்குக் கிணறும் கண்மாயும் இருந்தன. நகரத்துக் குழந்தைக்கு அவையும் இல்லை. வசதி படைத்தவர்களுக்கு மனமகிழ் மன்றங்களும் அடுக்குமாடி வளாகங்களும் இருக்கின்றன. ஏனையோருக்கு இருக்கும் ஒரே பொது நிலம், நகராட்சிப் பூங்கா மட்டுமே.

எனவே, நகரப் பூங்காவில் பொது நீச்சல் குளம் அமைப்பது என்கிற யோசனை ஆடம்பரமானதல்ல. அதே நேரத்தில், பூங்காவில் எதைக் கட்டுவதாக அறிவித்தாலும் மக்கள் சந்தேகத்துடன் பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம், மக்களல்ல, அவர்களை ஆண்டவர்கள்.

பெங்களூரில் ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம், முதலமைச்சரின் உத்தரவின் பேரில் தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக அளிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் அப்பகுதிக் குடியிருப்புவாசிகள். 1991-இல் உச்சநீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் மக்களுக்கு நன்மை தருவதுதானே என்கிற வாதம் எடுபடவில்லை. லக்னோவில் அமீனாபாத் பகுதியில் உள்ள ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில், ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே வணிக வளாகம் கட்ட ஒரு நிறுவனத்துக்கு மாநகராட்சி அனுமதி அளித்தது. கட்டடம் எழும்பிய பிறகும்கூட, அதை இடித்துப் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1999-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த இரு தீர்ப்புகளும் உணர்த்துவது ஒன்றுதான். பூங்கா என்பது ஆட்சியில் இருப்பவர்கள் விரும்பியபடி வழங்குவதற்கான சொத்தல்ல. மக்களுக்காக அவர்கள் பாதுகாக்க வேண்டிய அறக்கட்டளை. பூங்காவுக்கு வருகிற எவரும் இறங்கி நீந்தக்கூடிய குளம், விளையாட்டுத் திடலைப் போலப் பூங்காவின் ஓர் அங்கமாகவே இருக்க முடியும். கொல்கத்தாவின் காலேஜ் ஸ்கொயரிலும் ஹெடுவாவிலும் குளத்தைச் சுற்றித்தான் பூங்காவே அமைந்திருக்கிறது. பல தலைமுறைகள் அங்கே நீச்சல் பழகியிருக்கின்றன. ஆனால், உறுப்பினர் கட்டணம் செலுத்தியவர்கள் மட்டும் நுழையக்கூடிய குளம், பூங்காவுக்குள் இருந்தாலும் பூங்காவின் பகுதியல்ல. அது வேலி போட்டு அபகரிக்கப்பட்ட பொது நிலம்.

பொதுக் குளத்தில் யார் இறங்கலாம் என்கிற கேள்வி இந்தியாவுக்குப் புதிதல்ல. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. அதையொட்டி மஹாத் நகராட்சி, தனது சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக 1924-இல் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்தக் குளத்து நீரை அருந்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில், தான் நிறைவேற்றிய தீர்மானத்தையே நகராட்சி ரத்து செய்தது. உரிமையை உறுதிப்படுத்தும் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், குளியல் துறை, சாலை, பொது இடங்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடை செய்வதன் பின்னணி இதுதான். இன்று ஜாதியின் பெயரால் பொது நீச்சல் குளத்தின் கதவை யாரும் வெளிப்படையாக அடைத்துவிட முடியாது. ஆனால், கட்டணத்தின் பெயரால், உறுப்பினர் அட்டையின் பெயரால், குத்தகைதாரரின் விதிமுறைகளின் பெயரால் அதே கதவை ஓசையின்றிச் சாத்திவிட முடியும்.

அனுமதி அளிப்பது யார் என்பது அடுத்த கேள்வி. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற நகர்ப்புற வசதிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் சேர்த்தது. அதாவது, இது தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய பொறுப்பு. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் கூறுகிறது. நடைமுறை வேறு. 2015-இல் தொடங்கி 2025 மார்ச்சில் நிறைவடைந்த பொலிவுறு நகரங்கள் திட்டத்தில், நூறு நகரங்களின் பணிகள் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தனி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. எந்தப் பூங்காவில் எது கட்டப்படும் என்பதை, அந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே பத்திரிகைச் செய்தி மூலம் தெரிந்துகொள்ளும் நிலைமைக்கு இந்த ஏற்பாடு வழிகோலியது.

தண்ணீர்க் கணக்கையும் ஒளிவுமறைவின்றி மக்கள் முன் வைத்தாக வேண்டும். 50 மீட்டர் நீளமும், 25 மீட்டர் அகலமும், 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஒலிம்பிக் குளத்தை நிரப்ப 25 லட்சம் லிட்டர் தேவை. தலைக்கு 135 லிட்டர் என்கிற அரசின் அளவுகோலின்படி, இது 18,500 பேருக்கான ஒரு நாள் குடிநீர். முறையான சுத்திகரிப்பு இயந்திரங்கள் இருந்தால் அதே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடியும். நாளொன்றுக்கு 5 மில்லி மீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், இழப்பு 6,250 லிட்டர். ஏறத்தாழ 46 பேரின் தேவை. சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகி, வாரந்தோறும் நீரை வெளியேற்றி நிரப்பும் நிலை ஏற்பட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாட்டின்போது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது பெங்களூர் குடிநீர் வாரியம். மீறுவோருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. கோடையில்தான் குழந்தைகளுக்கு விடுமுறை. கோடையில்தான் தண்ணீர்ப் பஞ்சமும். சாதாரண நகரங்களுக்கு ஒலிம்பிக் குளம் தேவையில்லை. 25 மீட்டர் நீளமுள்ள, ஆழம் குறைந்த பயிற்சிக் குளமே போதுமானது.

கட்டுவதற்கு மத்திய, மாநில அரசுகளின் நிதி கிடைத்துவிடும். திறப்பு விழாவுக்கு அமைச்சரும் வந்துவிடுவார். பராமரிப்புச் செலவு நகராட்சியின் தலையில் விழும். குளோரின், மின்சாரம், பயிற்சியாளர், உயிர்காப்பாளர் என ஆண்டுதோறும் தொடரும் இந்தச் செலவுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை என்றால், முதலில் குறைக்கப்படுவது உயிர்காப்பாளரின் பணியிடமாகத்தான் இருக்கும். உயிர் காப்பதற்காகக் கட்டப்பட்ட குளமே உயிரைப் பறிக்கும் இடமாக மாறுவதைவிடக் கொடுமை வேறு இருக்க முடியாது. நிதி இல்லை என்று குத்தகைக்கு விட்டாலோ, பொதுக் குளம் படிப்படியாகத் தனியார் மன்றமாகிவிடும்.

ஒரு நகர்ப்புற நீச்சல் குளத்தால் 38 ஆயிரம் மரணங்களும் நின்றுவிடப் போவதில்லை. பாதுகாப்பற்ற கிணறுகளுக்குச் சுவரும், ஆற்றங்கரைகளில் எச்சரிக்கையும், பச்சிளங் குழந்தைகளுக்குக் கண்காணிப்பும் வேண்டும். ஆனால், அதைக் காரணம் காட்டி நகரத்து ஏழைக் குழந்தைக்கு நீச்சல் கற்கும் வாய்ப்பை மறுப்பது நியாயமாகாது.

பூங்காவில் எவ்வளவு நிலம் எடுக்கப்படும், எத்தனை மரங்கள் பாதிக்கப்படும், தண்ணீர் எங்கிருந்து வரும், அடுத்த பத்தாண்டுப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, கட்டணம் எவ்வளவு, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் எந்தெந்த நேரம் என்கிற விவரங்கள் அனைத்தும் அனுமதிக்கு முன்பே உள்ளூர் மொழியில் வெளியிடப்பட வேண்டும். அவற்றின் மீது மக்களின் ஆட்சேபங்கள் கேட்கப்பட வேண்டும். பின்னர் நகர்மன்றம் விவாதித்து வாக்களிக்க வேண்டும். குத்தகைக்கு விடுவதில்லை என்பது அந்தத் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மஹாத் நகராட்சி தீர்மானம் நிறைவேற்றி நூறாண்டுகள் கடந்துவிட்டன. குளம் வெட்டுவது எளிது; அதன் படிக்கட்டில் எவரையும் தடுக்காமல் இருப்பதில்தான் நிர்வாகத்தின் நேர்மை இருக்கிறது!