எரர் வரலையே சார்!

ஓய்வு பெற்ற பிறகு கணக்கை விட்டுவிடலாம் என்றிருந்தேன். கணக்கு என்னை விடவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், பழைய புள்ளிவிவரக்காரன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, புராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். எல்லாரும் ஆர் மொழியில் எழுதுகிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கிய மொழி, புள்ளியியலுக்கென்றே செய்தது, காசு கிடையாது. நல்ல மொழி. என் சண்டை அதில் உள்ள ஒரே ஒரு கட்டளையோடும், அதை இரண்டாம் நாளே கற்றுக்கொடுத்துவிடும் ஆசிரியர்களோடும்தான்.

அந்தக் கட்டளையின் பெயர் பேஸ்ட்0. இரண்டு எழுத்துச் சரங்களைக் கொடுத்தால் இடைவெளி இல்லாமல் ஒட்டித் தரும். இதன் அண்ணன் பேஸ்ட், நடுவில் ஓர் இடைவெளியாவது விடுவான். தம்பி 2012-ல் வந்தவன். அண்ணனைவிட இவனுக்குத்தான் இப்போது மவுசு.

கோப்புக்குப் பெயர் வைக்க, வரைபடத்துக்குத் தலைப்புப் போட இதைப் பயன்படுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டும் எண்ணை இதை வைத்து உருவாக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. காரணம், இந்தக் கட்டளைக்கு மறுக்கத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் ஒட்டும்.

கிராமம் 1, வார்டு 12. ஒட்டினால் 112. கிராமம் 11, வார்டு 2. அதுவும் 112! இரண்டு ஊர் மக்கள் ஒரே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில் ஒரு கோடு போட்டிருந்தால் தீர்ந்தது. கிராம எண் 007 என்று இருந்தால், கோப்பைப் படிக்கும்போதே அது 7 ஆகியிருக்கும், அது தனிக்கதை. ஒரு லட்சத்தை 100000 என்று எண்ணாகக் கொடுத்து ஒட்டச் சொல்லிப் பாருங்கள். 1இ+05 என்று ஒட்டித் தரும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, செய்து பாருங்கள்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்று வட்டங்கள்: பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை. ஆலத்தூர் பின்னால் வந்தது. இன்றைய நான்கு பெயர்களையும் அன்றைய மூன்று தொகைகளையும் கொடுத்து ஒட்டச் சொன்னால் என்ன ஆக வேண்டும்? 'ஒன்று குறைகிறதே ஐயா' என்று கேட்க வேண்டாமா? கேட்காது. நான்காவதாக நிற்கும் ஆலத்தூருக்கு முதலில் இருந்த பெரம்பலூரின் தொகையையே மறுபடி எடுத்து ஒட்டிவிடும். இதே நான்கையும் மூன்றையும் எண்களாகக் கொடுத்துக் கூட்டச் சொன்னால், அதே ஆர் மொழி எச்சரிக்கை கொடுக்கும். கூட்டும்போது இருக்கிற பொறுப்பு ஒட்டும்போது இல்லை.

சுட்டிக்காட்டினால் பிள்ளைகள் சொல்லும் பதில்தான் தலைப்பில் இருக்கிறது. எரர் வரலையே சார்.

எரர் வராததால் என்ன நடக்கும் என்பதற்கு நம் இரண்டு மாவட்டங்களின் வரலாறே போதும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஆக, பெரம்பலூர் என்ற பெயருக்கு 2001-ல் ஒரு நிலப்பரப்பு, 2005-ல் வேறு, 2008-ல் வேறு. மாவட்டப் பெயரையும் ஆண்டையும் ஒட்டி ஒரு சாவி செய்து வரிசையாக அடுக்கினால், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் 2007-க்குப் பிறகு பெரம்பலூரில் சரிந்துவிட்டதாக ஒரு கோடு கீழே விழும். காரணம் தேடி நான்கு பக்கம் எழுதுவார்கள். எதுவும் சரியவில்லை. அது அரியலூர்ச் சரக்கு, பெயர்ப்பலகைதான் மாறியது.

ஆட்களின் பெயருக்கு வருவோம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான். படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டம் காலியாகவே இருக்கும். எக்செல்லிலிருந்து படிக்கும்போது அந்தக் காலிக் கட்டம் என்ஏ என்ற குறியாகும், 'விவரம் இல்லை' என்று பொருள். பேஸ்ட் அந்தக் குறியை இரண்டு எழுத்தாக்கி, பெயருக்குப் பின்னால் ஒட்டிவிடும். அதன் பிறகு விவரம் இல்லாதவர்கள் யார் என்று தேடினாலும் கிடைக்காது. ஒரு பயனாளிகள் பட்டியலில் இப்படிப் பெயருக்குப் பின்னால் என்ஏ ஒட்டிக்கொண்ட ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஆதாரில் இருக்கும் பெயரும் இதுவும் வேறு என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். பஸ் காசு யார் கொடுப்பது?

தமிழனுக்கு இதைச் சொல்லவேண்டியிருப்பதுதான் வேடிக்கை. இரண்டு சொல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கே நன்னூலில் மூன்று புணரியல்கள் இருக்கின்றன. அரியலூரோடு 'இல்' சேர்ந்தால் அரியலூரில். பேஸ்ட்0-விடம் கேட்டால் அரியலூர்இல். இந்த மாதிரித் தமிழ்தான் நம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது.

மாற்று வழி கடினமாக இருந்தால் பொறுத்துப்போகலாம். கடினமே இல்லை. மெர்ஜ் கட்டளைக்கு இரண்டு பத்திகளின் பெயரையும் கொடுக்கலாம். கிராமம் தனியாக, வார்டு தனியாக. ஒட்டவே வேண்டாம். ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ஸ்ட்ரிங்ஆர் தொகுப்பின் ஸ்ட்ர்_சி இருக்கிறது. ஒரு பக்கம் விவரம் இல்லையென்றால், விடையும் 'இல்லை' என்றே தரும். நேர்மையான கட்டளை. எண்களை எழுத்தாகவே படியுங்கள், நடுவில் கோடு போடுங்கள், சாவி செய்த கையோடு ஒன்றுபோல் இரண்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள். நான்கு வரி வேலை.

பேஸ்ட்0 வேகமானது, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று வாதாடுகிறவர்களுக்கு ஒன்று. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. 2027 கணக்கெடுப்பு வெளிவந்ததும் பழையதையும் புதியதையும் பொருத்தும் வேலை இந்தப் பிள்ளைகள் தலையில்தான் விழும். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை போயிருக்கிறது, திருநெல்வேலியிலிருந்து தென்காசி, வேலூரிலிருந்து இரண்டு. பழைய பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அழகாக ஒட்டும். எரர் வராது.