பெரியப்பா மகன் அண்ணன் இல்லையாம்

ஒன்றிய நிதியமைச்சகத்துக்கும், தமிழ்நாடு, மகாராஷ்டிர அரசுகளுக்கும் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்.

தாராவியில் எங்களில் பலருக்குத் தலைக்கு மேல் கூரை உண்டு. கையில் பத்திரம் கிடையாது. பத்திரம் என்று ஒன்று இருந்தால் அது திருநெல்வேலிப் பக்கம் கிடக்கும் நிலத்துக்குத்தான். அதைச் சொந்தபந்தத்துக்குள் எழுதிக் கொடுக்கும்போதுதான் வினை வருகிறது.

தொண்ணூறடிச் சாலைப் பக்கம் இட்லி விற்கும் ஒருவருக்கு, பிள்ளையில்லாத அண்ணன் ஊரில் ஒரு மனையை எழுதிக் கொடுத்தார். வழிகாட்டி மதிப்பு 14 லட்சம். “கூடப் பிறந்த அண்ணனா?” என்று கேட்டார் ஆடிட்டர். “பெரியப்பா மகன்” என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வருமானவரிச் சட்டத்தில், கொடை கொடுத்தால் வரியில்லாத ‘உறவினர்’ பட்டியல் ஒன்று இருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார் எல்லாரும் அதில் உண்டு. பெரியப்பா மகன் இல்லை. ஆகவே அந்த 14 லட்சம் முழுவதும் இட்லிக்கடைக்காரரின் அந்த வருட வருமானம்! கண்ணால் காணாத பணத்துக்கு வரி. அதே அண்ணன் உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடியிருந்தால் வருமானவரி ஒரு பைசா இல்லை. உயிரோடு இருந்து கொடுத்ததுதான் குற்றம்போலும்.

தாய்மாமன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரியில்லை. அக்கா மகன் தாய்மாமனுக்குக் கொடுத்தால் வரி. 2025-இல் நிறைவேறிய புதிய வருமானவரிச் சட்டமும் இந்தக் கோணலை நிமிர்த்தவில்லை. ஒன்றிய நிதியமைச்சகத்துக்கு: பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளையும், உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கறுப்புப் பணம் புகுந்துவிடும் என்பீர்கள். நியாயமான பயம்தான். 1958-இல் வந்த நன்கொடை வரியை 1998 அக்டோபரில் எடுத்த பிறகு, போலிக் கொடைகளைத் தடுக்கத்தான் வாங்குபவர் தலையில் இந்த வரியை வைத்தீர்கள். கொடுப்பவர் பெயரில் பத்து வருடமாவது பட்டா இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், ஏற்கிறோம்.

கொடை நிலத்துக்கான 50,000 ரூபாய் வரிவிலக்கு வரம்பு 2009 அக்டோபரில் வந்தது. இன்றும் அதேதான். அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் வரி. வரம்பை 10 லட்சமாக்குங்கள். கிராமத்து விவசாய நிலம் இந்த வரியில் சேருமா என்பதில் தீர்ப்பாயங்களே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன. சேராது என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ்நாடு அரசுக்கு: குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். உங்கள் குடும்பக் கணக்கிலும் பெரியப்பா மகன் இல்லை. அவருக்கு 7 சதவீதம். 14,000 கட்ட வேண்டியவர் 98,000 கட்டினார். பெரியப்பா மகனை அண்ணன் என்றே கூப்பிடும் மொழியில் ஆட்சி நடத்தும் நீங்களாவது திருத்தக் கூடாதா?

மகாராஷ்டிர அரசுக்கு: குடியிருக்கும் வீட்டைப் பிள்ளைக்கோ பேரனுக்கோ கொடுத்தால் 200 ரூபாய்தான் முத்திரைத்தீர்வை. 2015-இல் செய்த நல்ல காரியம். செம்பூர் ஃப்ளாட்டைக் கூடப்பிறந்த தங்கைக்குக் கொடுத்தால் மட்டும் 3 சதவீதம் ஏன்? அவளையும் 200-க்குள் சேருங்கள். கடையையும் பட்டறையையும் சேருங்கள். எங்கள் பிழைப்பே அவற்றில்தான்.

தமிழ்நாடு அரசுக்கு இன்னொன்று. தாத்தா வாங்கி அப்பாவுக்குக் கொடுத்து, அப்பா எங்களுக்குக் கொடுத்த நிலத்தை விற்றால், லாபக் கணக்குக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பு தேவைப்படுகிறது. அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்புக்கு முத்திரையிட்ட சான்றிதழ், சர்வே எண் கொடுத்து விண்ணப்பித்த 15 நாளில் மும்பை முகவரிக்கே தபாலில் வர வேண்டும்.