யப்பானின் இயந்திரம் மட்டும் போதுமா?

இலங்கைத் தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்ற யப்பானிய முறையைக் கைக்கொள்வதெனக் கொழும்பு 2014இல் முடிவு செய்தது. அதற்கெனக் கடன் உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. அக்கடனை இறுக்கும் வரிப்பணத்தில் கிளிநொச்சி விவசாயியின் வியர்வையும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆசிரியரின் ஊதியமும் உண்டு. ஆகவே, இம்மாற்றத்தால் தமிழருக்கு ஆவதென்ன என்று கேட்கும் உரிமை எமக்குண்டு.

அனலொக் முறையில் ஓர் அலைவரிசை ஒரு சேவையையே சுமக்கும். டிஜிட்டல் முறையிலோ அதே அலைவரிசை பல சேவைகளைச் சுமக்கும். தமிழுக்கு இடமில்லையென்று இனி எவரும் சாக்குச் சொல்ல முடியாது. இது நன்மையே.

ஆனால் அனலொக் அலை நலிந்தால் படம் மங்குமேயன்றி முற்றாக மறையாது. டிஜிட்டல் அலை ஓர் எல்லைக்குக் கீழே நலிந்தால் படமும் இல்லை, குரலும் இல்லை. மேலும், பழைய பெட்டி வைத்திருப்போர் புதிய அலையைப் பெறத் தனிக்கருவி வாங்கியாக வேண்டும். வசதியுள்ளவர் வாங்குவர். நெல்லுக்கு விலையின்றித் தவிக்கும் வன்னி விவசாயி என் செய்வார்?

2009இல் மாறிய அமெரிக்கா, விண்ணப்பித்த வீட்டுக்கு 40 டொலர்ப் பற்றுச்சீட்டு இரண்டு வரை வழங்கிற்று. யப்பான் செய்ததோ இன்னும் நோக்கத்தக்கது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இவாத்தே, மியாகி, புக்குஷிமா ஆகிய பகுதிகளைச் சிதைத்தன. அவ்வாண்டு யூலை 24இல் நாட்டின் ஏனைய பகுதிகளில் அனலொக் நிறுத்தப்பட்டது. அம்மூன்று பகுதிகளுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை தவணை கிடைத்தது. நொந்தவருக்குக் காலம் கொடுப்பதே நீதி. போர் சிதைத்த வன்னிக்கு அந்நீதி கிட்டுமா?

யப்பானிய முறையில் அவசர எச்சரிக்கைச் சமிக்ஞையும் உண்டு. அதற்கென அமைந்த பெட்டி உறங்கிக் கிடந்தாலும் அச்சமிக்ஞை அதனை எழுப்பவல்லது. 2004 டிசம்பர் 26இல் எச்சரிக்கையின்றி மாண்ட முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் எவர் மறப்பார்? அவ்வெச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் எழுமாயின் எமக்கு அது ஊமை மணியே! 1987இல் அரசியலமைப்பில் அரசகரும மொழியாக ஏறிய தமிழ், ஆபத்து வேளையில் திரையில் ஏறலாகாதா?

ஆகவே, அனலொக்கை நிறுத்துமுன் வறிய வீடுகளுக்குக் கருவி இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். வடக்குக் கிழக்குக் கிராமங்களில் அலையின் வலு அளந்தறியப்படல் வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் வருமென்பது சட்டமாதல் வேண்டும். தமிழ்ப் பிரதிநிதிகள் இவற்றை மன்றில் வற்புறுத்தாது வாளாவிருப்பின், திரை இருண்டபின் புலம்பிப் பயனில்லை.

யப்பானிடம் இயந்திரத்தை வாங்குவோர், அதன் நீதியையும் வாங்கி வரட்டும்!