கூடங்குளம் அணுக்கழிவு: போளூரில் இருப்பவரும் கருத்து சொல்லலாமா? சட்டம் சொல்வது என்ன?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை எங்கே, எவ்வளவு காலம் வைப்பது? பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் இல்லை. இதில் மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி நடக்கிறது, யாரெல்லாம் பேசலாம்? எளிமையாகப் பார்க்கலாம்.

'அணுஉலைக்கு அப்பால்' என்றால் என்ன?

உலையில் எரிந்து முடிந்த யுரேனியம் கடும் வெப்பத்தோடும் கதிர்வீச்சோடும் வெளியே வரும். அதை முதலில் உலைக் கட்டடத்துக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் குளிரவிடுவார்கள். அந்தத் தொட்டியில் சில ஆண்டுகளுக்கான இடம்தான் உண்டு. அது நிறைவதற்குள், உலைக்கு வெளியே கட்ட வேண்டிய சேமிப்பு மையம்தான் 'அணுஉலைக்கு அப்பால்' எனப்படும் ஏ.எஃப்.ஆர். ஆனால் இதுவும் தற்காலிக ஏற்பாடுதான். எரிபொருளில் உள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2013 மே 6-ம் தேதி கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலை இயங்கலாம் என்றது. ஆனால், பயன்படுத்திய எரிபொருளை நிலைய வளாகத்திலேயே நீண்ட காலம் வைக்கக் கூடாது, பூமிக்கடியில் ஆழமான நிரந்தரக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஏ.எஃப்.ஆர் மையத்துக்கான ஐந்தாண்டுக் கெடு முடிந்தபோது, 2018-ல் அவகாசம் 2022 வரை நீட்டிக்கப்பட்டது.

கருத்துக்கேட்பு என்ன ஆனது?

2019 ஜூலை 10-ம் தேதி நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் கூட்டம் நடக்கும் என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி, எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வலியுறுத்தினார். 1988 ஒப்பந்தப்படி அது சோவியத் நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். 1998-ல் செய்த துணை ஒப்பந்தத்தில் இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று மாறியது. மறுசுத்திகரிப்பு செய்து மீண்டும் பயன்படுத்தலாம், இது கழிவல்ல, வளம் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. ஆனால் மறுசுத்திகரிப்புக்குப் பிறகும் உயர்நிலைக் கழிவு மிஞ்சும்.

போளூர்க்காரருக்கு இதில் என்ன?

போளூரிலிருந்து கூடங்குளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அங்கே ஓடும் இரண்டு உலைகளின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. நிரந்தரக் கிடங்கு எங்கே என்பதும் முடிவாகவில்லை. 2012 நவம்பரில், கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கத்தில் கழிவு வைக்கும் பேச்சு உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. அந்தத் தகவல் பரவியதும் ஊரே போராட்டத்தில் இறங்கியது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசு பிறகு மறுத்தது. யாரிடமும் கேட்காமல் ஊர்ப்பெயர் அடிபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

யார் பேசலாம்?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இரண்டு வழிகள் உண்டு:

• பாதிக்கப்படும் பகுதி மக்களுக்கு நேரடிக் கூட்டம். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும்.

• திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளில் நியாயமான அக்கறை உள்ள மற்றவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். வெளியூர்க்காரருக்கும் இந்த வாய்ப்பு உண்டு.

எதிர்ப்பு சொன்னால் திட்டம் நின்றுவிடுமா?

நிற்காது. இது வாக்கெடுப்பு இல்லை. கருத்துகள் பதிவாகும், நிறுவனம் பதில் தர வேண்டும், முடிவெடுப்பது அரசு. ஃபின்லாந்தில் நிலைமை வேறு. அங்கே உள்ளாட்சி மன்றம் 'வேண்டாம்' என்றால் கிடங்கு வராது. எவுராயோக்கி மன்றம் 2000-ல் சம்மதித்த பிறகுதான் 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் 'ஓன்கலோ' கிடங்கு கட்டப்பட்டது. கனடாவில் 2010-ல் தொடங்கிய இடத்தேடல் 2024 நவம்பரில் முடிந்தது. தேர்வான பகுதியில் இக்னஸ் ஊரும், வாபிகூன் ஏரி ஓஜிப்வே பூர்வகுடிகளும் சம்மதம் தெரிவித்திருந்தார்கள்.

இப்போது ஏன் இது முக்கியம்?

2025 செப்டம்பரில், அணு கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. இது சுரங்கங்களுக்கு மட்டும்தான், சேமிப்பு மையங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் கேட்கும் வாய்ப்பையே குறைக்கும் போக்கு என்று எதிர்ப்பாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

கூடங்குளத்தில் மேலும் நான்கு உலைகள் கட்டப்பட்டு வருகின்றன. அவை ஓடத் தொடங்கினால் சேமிக்க வேண்டிய எரிபொருளும் கூடும். தற்காலிக மையத்துக்கு மட்டும் மக்களிடம் கருத்துக் கேட்டால், 'அதற்குப் பிறகு எங்கே?' என்ற பெரிய கேள்வி மேசைக்கே வராது. அந்தக் கேள்வியை எழுப்ப ராதாபுரத்தில் வீடு இருக்க வேண்டியதில்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது ஒரு கடிதம் எழுதினால் போதும்.