கிழட்டுக் கிடாவும் ஒரு வாத்தியார்: வடகோடி மலையில் ஒரு பிஎச்டி கண்டுபிடித்தது என்ன?

ஒரு மலையில் எத்தனை ஆடு இருக்கிறது? கேள்வி ரொம்ப சிம்பிள். மேலே பறந்து எண்ணிவிட்டு வந்தால் முடிந்தது. ஆனால் கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகான் பகுதியில், இந்தக் கேள்விக்காகவே 1990களின் நடுவில் ஒரு குழு போட்டு, சில ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக நடத்தினார்கள். அரசு உயிரியலாளர்கள், க்ளுவானி என்ற பூர்வகுடி மக்கள், பணம் வாங்கிக்கொண்டு வெளியூர்க்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போகும் தொழிலதிபர்கள் என்று எல்லோரும் ஒரே மேஜையில். ரூபி மலைத்தொடரில் வாழும் டால் செம்மறி என்ற வெள்ளைக் காட்டு ஆடுகள் குறைந்துகொண்டே போகின்றன, என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு.

அந்தக் கூட்டங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பால் நடாஸ்டி. அப்போது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பிஎச்டி மாணவர். க்ளுவானி ஏரிக்கரையில் இருக்கும் பர்வாஷ் லேண்டிங் என்ற சின்ன ஊரில் தங்கி, மக்களோடு வேட்டைக்குப் போய், மீன் பிடித்து, நடுநடுவே இந்தக் கூட்டங்களுக்கும் போய் வந்தார். இதில் இருந்து பிறந்த அவருடைய புத்தகம் 2003ல் வந்தது. வடகோடியில் மனிதனும் இயற்கையும் பற்றி ஆய்வு செய்கிறோம் என்று சொல்பவர்கள் எல்லோரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

யூகானில் ஒரு வேட்டை விதி உண்டு. கொம்பு முழு வட்டம் சுற்றிய கிடாவை மட்டும்தான் சுடலாம். அதாவது வயதான கிடா. உயிரியல் கணக்குப்படி இது நியாயமாகவே தெரியும். குட்டி போட வைக்கும் வேலையை அது ஏற்கெனவே செய்து முடித்திருக்கும், அது போனால் மந்தைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. போதாததற்கு, சுவரில் மாட்ட அழகான கொம்பு.

க்ளுவானி பெரியவர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவர்கள் சொன்னது: எந்தப் பாதையில் போக வேண்டும், எங்கே மேய்ச்சல் இருக்கும், குளிர்காலத்தை எப்படித் தள்ளுவது என்பதையெல்லாம் இளம் ஆடுகள் கற்றுக்கொள்வதே அந்தக் கிழட்டுக் கிடாக்களிடம்தான். அவற்றைச் சுடுவது ஓர் ஊரில் இருக்கும் பெரியவர்களை எல்லாம் மொத்தமாகக் கொன்றுவிடுவது மாதிரி.

யாரும் இதை மறுத்துப் பேசவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அப்படியே விட்டுவிட்டார்கள். காரணம், அதை எந்த அட்டவணையிலும் போட முடியாது. எந்த ஆண்டில் எந்தச் சரிவில் எத்தனை ஆடு பார்த்தீர்கள் என்றால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். ஆடு ஆட்டுக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்றால் அதை என்னத்தச் செய்வது? பூர்வகுடி அறிவை அறிவியலோடு ‘இணைக்கிறோம்’ என்ற பெயரில் நடப்பது இதுதான் என்று எழுதினார் நடாஸ்டி. எண்ணாக மாறக்கூடியது உள்ளே வரும், மற்றது வாசலிலேயே நின்றுவிடும். எது உள்ளே வரலாம் என்று முடிவு பண்ணுவது எப்போதுமே ஒரு தரப்புதான்.

இதை வெறும் கோட்பாட்டுச் சண்டை என்று நினைத்தால் 2018ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வயோமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெருங்கொம்புச் செம்மறி, மூஸ் ஆகிய விலங்குகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்ததில், புது இடத்தில் கொண்டுபோய் விடப்பட்ட மந்தைகளுக்கு வலசை போகவே தெரியவில்லை. பல பத்தாண்டுகள், தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. இது கிழட்டுக் கிடா பற்றிய ஆய்வு இல்லை, ஆட்டு இனமும் வேறு. ஆனால் ஆடு ஆட்டிடம் கற்கிறது என்ற விஷயம் இப்போது அட்டவணையில் ஏறிவிட்டது. க்ளுவானி பெரியவர்கள் அதைச் சொல்லி இருபது வருஷம் ஆகியிருந்தது.

திமிங்கலத்தை எண்ணிய கதை

இதைவிடப் பழைய உதாரணம் அலாஸ்காவில் இருக்கிறது. 1977ல் சர்வதேசத் திமிங்கல ஆணையம், இனுபியாட் மக்கள் காலங்காலமாக நடத்திவந்த வில்தலைத் திமிங்கல வேட்டையை நிறுத்தச் சொன்னது. விஞ்ஞானிகள் கணக்கில் மிஞ்சியிருந்த திமிங்கலங்கள் இரண்டாயிரத்துக்குள். பனி விளிம்பில் நின்று, திறந்த நீரில் கண்ணுக்குத் தெரிந்தவற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. ‘அவை பனிக்கு அடியிலேயும் போகும், நீங்கள் பார்க்காத தூரத்திலேயும் போகும்’ என்றார்கள் வேட்டைக்காரர்கள். அடுத்த சில மாதங்களில் போராடிச் சிறிய ஒதுக்கீடு ஒன்றை வாங்கினார்கள். 1980களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, வேட்டைக்காரர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. 2001 கணக்கெடுப்பில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது.

திமிங்கலக் கதையில் எல்லோருக்கும் சந்தோஷம், ஏனென்றால் கடைசியில் ஒரு நம்பர் கிடைத்துவிட்டது. கஷ்டமான கேள்வி, நம்பர் கிடைக்காத இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது நமக்கு நல்ல காரியமாகத் தெரியும். க்ளுவானி மக்களுக்கு அது அசிங்கம். மீன் தன்னையே கொடுக்க வருகிறது, அதை வாங்காமல் விளையாடுவது அவமரியாதை. நடாஸ்டிக்கே ஓர் அனுபவம். அவர் வைத்த சுருக்கை அறுத்துக்கொண்டு ஒரு முயல் ஓடிவிட்டது. சில நாள் கழித்து, அவர் வீட்டருகே ஒரு முயல் வந்து நிற்கிறது. எடுத்துப் பார்த்தால் கழுத்தில் அவர் வைத்த அதே சுருக்கு! விலங்கு தன்னைக் கொடுக்கிறது என்று மக்கள் சொல்வதை ‘நம்பிக்கை’, ‘உருவகம்’ என்று பெயர் வைத்து மூட்டை கட்டாமல், உண்மையாகவும் இருக்கலாம் என்று மானுடவியல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2007ல் அவர் எழுதினார். முயல் விஷயத்தை ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் இஷ்டம். ஆனால் இப்படி எழுத ஒருவருக்கு அந்த ஊரில் வருஷக்கணக்கில் இருந்தாக வேண்டும்.

பிரச்சினை நேரம்தான்

பிஎச்டி மாணவருக்கு இல்லாதது அதுதான். உதவித்தொகை மூன்று, நான்கு வருஷம். களப்பணிக்கு ஒரு வருஷம் ஒதுக்கினாலே பெரிது. ஊருக்குப் போவதற்கு முன்பே கேள்வியை எழுதி, கைடிடம் ஓகே வாங்கி, நிதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜீன் பிரிக்ஸ் என்ற ஹார்வர்ட் மாணவி 1963ல் கனடாவின் வடக்கே உட்கு இனுயிட் மக்களிடம் போனது, அவர்களின் மந்திரவாதிகளைப் பற்றி ஆராய. போய்ப் பார்த்தால் எல்லோரும் எப்போதோ கிறிஸ்தவர்கள் ஆகியிருந்தார்கள். பிறகு ஒரு குடும்பத்தில் மகளாகச் சேர்ந்து, அவர்கள் ஏன் கோபப்படுவதே இல்லை என்பதை ஆராய்ந்தார். இன்று அப்படிக் கேள்வியை மாற்றினால் நிதி கொடுத்தவருக்கு எத்தனை படிவம் நிரப்ப வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது வடக்கில் விதிகள் மாறிவிட்டன. கனடாவின் நுனாவுட்டில் ஆய்வு உரிமம் இல்லாமல் யாரும் ஆராய்ச்சி செய்யக்கூடாது, அது சட்டம். கனடாவின் இனுயிட் தேசிய அமைப்பு 2018ல் தனியாக ஓர் ஆய்வுக் கொள்கையே வெளியிட்டது. எதை ஆராய்வது, பணம் எங்கே போகிறது, தரவு யாருக்குச் சொந்தம் என்பதில் தங்களுக்கும் பேச்சு வேண்டும் என்கிறது அது. இது ஆய்வுச் சுதந்திரத்தைக் கெடுக்கும், மாணவர்களை விரட்டிவிடும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்த முணுமுணுப்பு தப்பான வாசலில் நடக்கிறது. ஊர் மக்கள் கேட்பது நியாயமான நேரம். அதைத் தர வேண்டியது, நான்கு வருஷத்தில் முடி என்று கடிகாரத்தைக் காட்டும் பல்கலைக்கழகமும் நிதி அமைப்பும். ஒரு வருஷம் கூடுதல் உதவித்தொகை கொடுத்தால் தீரக்கூடிய சண்டையைச் சுதந்திரத்தின் பெயரில் நடத்துவது கொஞ்சம் ஓவர்.

இந்தியாவுக்கும் இதில் வேலை இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அங்கே பூர்வகுடி என்று யாருமே இருந்ததில்லை. பனியை அளக்கலாம், காற்றை அளக்கலாம், பூர்வகுடி மக்களிடம் அனுமதி கேட்கும் பேச்சே எழாது. 2022ல் வந்த இந்திய ஆர்க்டிக் கொள்கையோ மனித மேம்பாட்டைப் பற்றியும் பேசுகிறது. அந்த வார்த்தையை நம்பி நாளைக்கு ஓர் இந்திய மாணவர் நுனாவுட் கிளம்பினால், முதல் வேலை உரிம விண்ணப்பம். அதில் ஆய்வின் சுருக்கத்தை ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி, அவர்களுடைய இனுக்டிட்டூட் மொழியிலும் கொடுக்க வேண்டும்.